அறை வாடகையா, அரை வாடகையா?

எழுத்தும் வணிகமும்: வாசகர் கேள்வி பதில்

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பில் புத்தகம், லெட்டர் பேடு எல்லாம் என் மேசை வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தொழில் செய்பவர்களிடமிருந்து வந்தவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆச்சி, எங்கள் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். சென்னையிலிருந்து விசாரித்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் பையன் வாட்ஸ்அப்பில் ‘அரை வாடகை ரூ. 4,500’ என்று அனுப்பிவிட்டான். ‘அரை வாடகையே இவ்வளவு என்றால் முழு வாடகை ஒன்பதாயிரமா, எங்களுக்குக் கட்டாது’ என்று அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ர, ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் எழுத ஏதாவது வழி உண்டா?
(விடுதி நடத்துபவர், கானாடுகாத்தான்)

பையனைத் திட்ட வேண்டாம். நம் பக்கத்துப் பேச்சில் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். காதில் இல்லாத வித்தியாசம் கையில் தானாக வராது.

ஆனால் இந்தப் பிழை எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். ‘விடுமுறை’ என்பதை ‘விடுமுரை’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் மனசுக்குள் திருத்திப் படித்துக்கொள்வார், ஏனென்றால் ‘விடுமுரை’ என்று ஒரு சொல்லே கிடையாது. ‘அரை’ அப்படியல்ல. அது பொருளுள்ள முழுச் சொல். ‘அரை வாடகை’ என்பதும் யாரும் சொல்லக்கூடிய தொடர்தான். அதனால் படிப்பவர் நம்பிவிடுகிறார். தொழில் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது இந்த வகையைத்தான், அதாவது வேறொரு சொல்லாக மாறிவிட்ட பிழையை. மற்றவை அழகைக் கெடுக்கும். இவை பணத்தைக் கெடுக்கும்.

ர, ற விஷயத்தில் ஒரு சோதனை இருக்கிறது. அந்தச் சொல்லின் உறவுச் சொற்களில் எங்காவது ‘ற்ற’ அல்லது ‘ற்’ வருகிறதா என்று பாருங்கள். பெறு, பெற்று, மாறு, மாற்று, ஏறு, ஏற்று, கூறு, கூற்று, தவறு, தவற்றை. வந்தால் மூலச் சொல்லிலும் பெரிய ‘ற’தான். ஏற்றுக்கூலிக்குப் பக்கத்தில் வரும் இறக்குக்கூலிக்கும் பெரிய ‘ற’தான். ‘இரக்கம்’ என்றால் மனம் இளகுவது.

எல்லாச் சொல்லுக்கும் இந்தச் சோதனை உதவாது. அறை, கறி, பொறுப்பு, கூறை போன்றவற்றை மனப்பாடமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தொழில் செய்பவருக்கு இப்படித் தேவைப்படும் சொற்கள் அதிகம் இல்லை. உங்கள் தொழிலுக்கு வேண்டிய ஒரு பக்கத்தை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ‘அறை வாடகை ரூ. 4,500’ என்று மொட்டையாக எழுதாமல், ‘ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை ரூ. 4,500. இரண்டு பேர் தங்கலாம். காலை உணவு இதில் அடங்கும்’ என்று எழுதியிருந்தால், எங்காவது ஒரு ‘அரை’ விழுந்திருந்தாலும் அந்தக் குடும்பம் தடுமாறியிருக்காது. சுற்றியுள்ள சொற்கள் சாட்சி சொல்லியிருக்கும்.

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் போட்டு பாக்கெட்டில் விற்கிறேன். பெரிய லேபிள் அடிக்கக் கொடுக்கும் முன்பு சரிபார்த்துத் தர முடியுமா? முருக்கு, தேங்குழல், சீப்புசீடை, வெள்ளை பனியாரம், அதிரசம். கீழே ‘சுத்தமான கடலை எண்ணையில் பொறித்தது’ என்று போட்டிருக்கிறேன்.
(வாசகி, பள்ளத்தூர்)

அடிக்கும் முன்பு கேட்டீர்களே, சந்தோஷம். அதிரசம் சரி. மற்றவை: முறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை, வெள்ளைப் பணியாரம்.

முறுக்குவதால் அது முறுக்கு. ‘முருக்கு’ என்பது சிவப்புப் பூப் பூக்கும் ஒரு மரம். பணியாரத்துக்கு மூன்று சுழி ‘ண’ போடுங்கள். ‘பனி’ மார்கழியில் பெய்வது. எண்ணெய் என்பதில் ‘நெய்’ இருக்கிறது. எள் நெய்தான் எண்ணெய் ஆனது, பிறகு மற்றவற்றுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. ஆகவே எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றிலும் கடைசியில் ‘ய்’ உண்டு.

கடைசி வரிதான் முக்கியம். எண்ணெயில் போட்டு எடுப்பது பொரிப்பது, சின்ன ‘ர’. ‘பொறித்தது’ என்றால் உலோகத்திலோ கல்லிலோ செதுக்கியது. நம் ஊரில் இந்த இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கின்றன. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் எவர்சில்வரிலும் பித்தளையிலும் பெயர் வெட்டித் தருகிறவர்கள் ‘பெயர் பொரித்துத் தரப்படும்’ என்று போர்டு வைக்கிறார்கள். அதற்கு எதிர்வரிசையில் சாப்பாட்டுக் கடைக்காரர் ‘பொறித்த மீன்’ என்று எழுதுகிறார். இருவரும் எழுத்தை மாற்றிக்கொண்டால் இரண்டு போர்டும் சரியாகிவிடும். பாத்திரத்தில் பெயர் பொறிக்க வேண்டும், மீனைப் பொரிக்க வேண்டும். வறுவல் மட்டும் பெரிய ‘ற’. அது ‘வறு’ என்பதிலிருந்து வருவது.

லேபிளில் தமிழ் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகத் தாராளமாகப் போடலாம். வாங்குகிறவர் முதலில் படிப்பது தமிழைத்தான், அதனால் அதைச் சின்ன எழுத்தில் ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி: கோழிக்கறியா, கோழிக்கரியா? எங்கள் மெனு கார்டில் இரண்டும் இருக்கின்றன.
(மெஸ் நடத்துபவர், காரைக்குடி)

கோழிக்கறி. ‘கரி’ அடுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: அம்மா, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். வல்லினம் மிகும், மிகாது என்பதெல்லாம் தமிழ் வாத்தியார்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. வியாபாரிக்கு ஒரு ‘ப்’ கூடினால் என்ன, குறைந்தால் என்ன?
(வாசகர், காரைக்குடி)

உங்கள் தெருவுக்கே பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் தன் பாட்டியின் தேக்குமர நகைப்பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். வேலை முடிந்து லாரியில் அனுப்பும்போது நீங்கள் கூடவே ஒரு சீட்டு வைக்கிறீர்கள்:

‘தாங்கள் தந்தப் பெட்டியைப் பழுதுபார்த்து இத்துடன் அனுப்பியுள்ளோம்.’

எழுத நினைத்தது ‘தந்த பெட்டி’, அதாவது கொடுத்த பெட்டி. ‘ப்’ சேர்ந்தவுடன் அது ‘தந்தப் பெட்டி’, அதாவது யானைத் தந்தத்தால் செய்த பெட்டி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் தந்த வாணிபத்தைத் தடை செய்துள்ளன. வழியில் செக்போஸ்டில் ஓர் அதிகாரி அந்தச் சீட்டைப் படித்தால் பெட்டியைத் திறந்து காட்டி விளக்க வேண்டும். திறந்து பார்த்தால் தேக்கு என்று தெரிந்துவிடும்தான். ஆனால் உங்கள் கையெழுத்தில், உங்கள் கடை முத்திரையோடு, ‘தந்தப் பெட்டி’ என்று ஒரு தாள் ஊரில் இருக்க வேண்டிய தேவை என்ன?

விதி சுலபம். தந்த, கேட்ட, வந்த, அனுப்பிய, வாங்கிய என்று முடிந்துபோன வேலையைச் சொல்லும் சொல்லுக்குப் பிறகு க், ச், த், ப் போடாதீர்கள். தந்த பெட்டி, கேட்ட பொருள், வந்த கடிதம், அனுப்பிய சரக்கு, வாங்கிய கடன்.

போட வேண்டிய இடங்களில் கடிதம் எழுதுபவருக்கு மூன்று போதும். ‘ஐ’ உருபுக்குப் பின் போடுங்கள்: சரக்கைப் பெற்றோம், தொகையைச் செலுத்தவும். ‘கு’ உருபுக்குப் பின் போடுங்கள்: கடைக்குத் தேவை, தங்களுக்குக் கடிதம். ‘அனுப்ப’, ‘செலுத்த’ போன்றவற்றுக்குப் பின் போடுங்கள்: அனுப்பக் கோருகிறோம், செலுத்தத் தவறினால். இலக்கணத்தில் இன்னும் எத்தனையோ இருக்கிறது, ஆனால் இந்த நான்கையும் பிடித்துக்கொண்டால் ஒரு வியாபாரக் கடிதத்தில் வரும் சந்திப் பிழைகளில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: நாங்கள் வெளியூர் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் இது. அவர் போனில் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாக விளக்கம் கேட்டார். எங்கே தவறு?
‘ரசீது. பெருனர் அவர்களுக்கு. தரைதலத்துக்கு தாங்கள் கேட்டக் கல் 10க்கு 10 அங்குலம், முக்கால் அங்குல கணம். தங்கள் ஆனை கிடைத்து 20 நாளில் பனி முடித்து அனுப்பப்படும். உடைந்த கல்லுக்கு நாங்கள் பொருப்பு அல்ல. நிளுவை தொகையை முதலில் கட்டவும். விதிமுறைகளை கடை பிடிக்கவும்.’
(டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி)

கண்ணாடியில் சிமெண்டையும் வண்ணத்தையும் கையால் ஊற்றி, ஒவ்வொரு கல்லாக வார்த்தெடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு அனுப்புகிறீர்கள். அவ்வளவு பொறுமையாகச் செய்யும் பொருளோடு போகும் கடிதமும் அதே தரத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் வரி வரியாகவே பார்க்கிறேன்.

தலைப்பிலேயே சிக்கல். பணம் வாங்கிய பிறகு கொடுப்பது ரசீது. பொருள் கொடுத்தவுடன் பணம் கேட்டுக் கொடுப்பது பில். ‘இன்ன விலைக்குச் செய்து தருகிறோம்’ என்று முன்கூட்டிச் சொல்வது விலைப்புள்ளி. கொட்டேஷன் என்று எழுதினாலும் எல்லோருக்கும் புரியும். நீங்கள் அனுப்பியது மூன்றாவது. அதற்கு மேல் ‘ரசீது’ என்று போட்டால், பணம் உங்களுக்கு வந்துவிட்டதாக அவர் கணக்குப்பிள்ளை ஃபைலில் வைத்துவிடலாம். இது எழுத்துப்பிழையைவிடப் பெரிய பிழை.

அதேபோல் ‘நிலுவை’. நிலுவை என்பது கொடுத்தது போக இன்னும் நிற்கும் பாக்கி. முதலில் கட்டச் சொல்வது முன்பணம். நீங்கள் முன்பணம் கேட்க நினைத்து நிலுவையைக் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை கொடுக்கல் வாங்கலே இல்லாத ஒருவர், எனக்கு என்ன நிலுவை என்று குழம்பத்தான் செய்வார்.

எழுத்துகளுக்கு வருவோம். கல்லின் தடிமன் கனம், இரண்டு சுழி ‘ன’. ‘கணம்’ என்றால் ஒரு நொடிப்பொழுது. தரைத்தளம், பெரிய ‘ள’. ‘தலம்’ பிள்ளையார்பட்டி மாதிரி கோயிலூர். ஆணை, பணி இரண்டுக்கும் மூன்று சுழி ‘ண’. ஆனை என்பது யானை. பொறுப்புக்குப் பெரிய ‘ற’; ‘பொருப்பு’ என்பது மலை. ‘கேட்டக் கல்’ இல்லை, ‘கேட்ட கல்’. மேலே பெட்டிக்குச் சொன்ன விதிதான். ‘கடைப்பிடிக்கவும்’ என்பது ஒரே சொல், நடுவில் ‘ப்’ உண்டு. ‘கடை பிடிக்கவும்’ என்று பிரித்து எழுதினால், செக்காலை ரோட்டில் வாடகைக்குக் கடை பார்க்கச் சொல்வதாகிவிடும்.

இனி எழுத்தெல்லாம் திருந்தினாலும் தெளியாத ஒன்று: ‘உடைந்த கல்லுக்கு நாங்கள் பொறுப்பு அல்ல.’ எங்கே உடைந்த கல்? பட்டறையிலா, லாரியிலா, அவர் இடத்தில் இறக்கும்போதா? இதைச் சொல்லாமல் விட்டால் சண்டை நிச்சயம். உங்கள் வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியாததால் பொதுவாக எழுதிக் காட்டுகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்:

‘விலைப்புள்ளி. பெறுநர்: (பெயர், முகவரி). தரைத்தளத்துக்குத் தாங்கள் கேட்ட ஆத்தங்குடி டைல்ஸ்: அளவு 10 x 10 அங்குலம், கனம் முக்கால் அங்குலம். எண்ணிக்கையும் விலையும் கீழே. தங்கள் ஆணையும் முன்பணமும் கிடைத்த நாளிலிருந்து 20 நாளில் பணி முடித்து அனுப்புவோம். லாரியில் ஏற்றும் வரை உடையும் கல்லுக்கு நாங்கள் பொறுப்பு. ஏற்றிய பின் உடைந்தால் பொறுப்பு தங்களுடையது. மீதித் தொகையைச் சரக்கு ஏற்றும் நாளில் செலுத்தவும்.’

‘விதிமுறைகளைக் கடைப்பிடிக்கவும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். விதி இன்னதென்று மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: அனுப்புநரா, அனுப்புனரா?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

அனுப்புநர். செய்யும் செயலோடு ‘நர்’ சேரும்போது தந்தம் என்பதில் வரும் ‘ந’தான்: அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர். உறுப்பு, உறவு போன்ற பெயர்ச்சொல்லோடு ‘இனர்’ சேர்ந்தால் ‘ன’: உறுப்பினர், உறவினர்.

கேள்வி: எங்கள் ஆலையில் நெல் கொண்டுவருபவர்களுக்குத் தமிழில் காசோலை எழுதிக் கொடுக்கலாமா? எழுத்தில் தொகை எழுதும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(அரிசி ஆலைக் கணக்கர், புதுவயல்)

தாராளமாக எழுதலாம். காசோலையை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அந்த மாநிலத்தின் மொழியிலோ எழுத ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. நெல் கொடுத்தவர் தன் கண்ணால் படித்துப் பார்த்து வாங்கிப் போக முடிவது பெரிய விஷயம். தொடர்ந்து செய்யுங்கள்.

ஆனால் எழுத்தில் எழுதும் தொகையில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 18-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறொரு தொகையும் இருந்தால், எழுத்தில் உள்ளதுதான் செல்லும். அவசரத்தில் எல்லோரும் எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். சட்டம் பார்ப்பது எழுத்தை. இப்போது காசோலையின் படத்தை வைத்தே வங்கிகள் பணம் மாற்றிக்கொள்கின்றன. அந்த முறையில் தேதியைத் தவிர வேறெதையும் அடித்துத் திருத்தக் கூடாது, புதுக் காசோலைதான் எழுத வேண்டும். ஒரு சுழி பிசகினால் ஒரு தாள் வீண்.

பிசகும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. 80 என்பது எண்பது, மூன்று சுழி. ‘என்பது’ வேறு சொல். ‘ரூபாய் என்பதாயிரம்’ என்று எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். 800 எண்ணூறு, ‘என்னூறு’ என்றால் என் நூறு. 300 முந்நூறு, ‘முன்னூறு’ அல்ல. 400 நானூறு, புறநானூற்றில் இருக்கும் அதே நானூறு. 500 ஐந்நூறு, ‘ஐநூறு’ என்று எழுதினாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் முதலாவதையே பழகுங்கள். 60 அறுபது, 600 அறுநூறு, இரண்டிலும் பெரிய ‘ற’. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது இருபதாயிரத்துக்கு. 20,000 இருபதாயிரம். அதில் ஒரு ‘த்’ கூடி ‘இருபத்தாயிரம்’ என்று ஆகிவிட்டால், எழுதியவர் இருபத்தைந்தாயிரம் என்று எழுத வந்து ‘ஐந்து’ என்பதை விட்டுவிட்டாரோ என்ற சந்தேகம் வரும். இருபத்து என்று தொடங்கினால் பின்னால் ஒன்றோ இரண்டோ ஐந்தோ வந்தாக வேண்டும்: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து. முப்பதாயிரம், நாற்பதாயிரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எழுதி முடித்ததும் ‘மட்டும்’ என்று போட்டு மிச்ச இடத்தைக் கோடிட்டு அடைத்துவிடுங்கள்.

கேள்வி: கூறைப்புடவையா, கூரைப்புடவையா?
(ஜவுளிக்கடை, காரைக்குடி)

கல்யாணத்துக்கு எடுப்பது கூறை. வீட்டுக்கு மேலே இருப்பது கூரை. கண்டாங்கி சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் உங்கள் கடை போர்டைப் படம் எடுக்கிறார்கள். திருத்திவிடுங்கள்.

கேள்வி: என் ஐயா காலத்துக் கணக்குப் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். அவற்றில் புள்ளியே ஒழுங்காக வைத்திருக்கவில்லை, சந்தியும் இல்லை. தொழில் என்ன கெட்டுப்போய்விட்டது? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பாடு?
(மூத்த வாசகர், தேவகோட்டை)

அப்புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. கேள்வி நியாயமானது, சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

புள்ளி இல்லை என்கிறீர்கள், சரி. வேறு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், தமிழ் வருஷம், மாதம், தேதி, இடம், விலாசம். பிறகு பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிக் குறி. கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்கு ஏறுவது. ரங்கூன் கடையிலிருந்து ஊருக்கு வரும் கணக்குச் சுருக்கமான ஐந்தொகையைப் படிக்கிறவர் எந்த வரியில் எது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகப் போனவர்கள் அவர்கள். எழுதியவரும் படித்தவரும் ஒரே பழக்கத்தில் வளர்ந்தவர்கள். புள்ளி செய்ய வேண்டிய வேலையை அந்த ஒழுங்கு செய்தது.

இன்று உங்கள் பேரன் அனுப்பும் கடிதத்தைப் படிக்கிறவர் கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர். உங்கள் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது எழுத்து மட்டும்தான். அதனால்தான் அந்த எழுத்து முழுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்திலும் விளையாட்டாக எழுதிவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதும்போது எப்படி உட்கார்ந்து, எப்படி வாசித்துக் காட்டி எழுதுவார்கள் என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியவர்.

ஒன்று மட்டும். அந்தப் புத்தகங்களில் ணா, றா, னா, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அவை பிழை அல்ல. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை அச்சிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. பேரப்பிள்ளைகள் படிக்கத் திணறினால் அருகில் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நான் எல்லாவற்றையும் போனில் பேசித்தான் டைப் செய்கிறேன். பிழை திருத்தும் செயலிகளும் வந்துவிட்டன. அனுப்பும் முன்பு ஒரு தடவை சத்தமாக வாசித்தும் பார்க்கிறேன். இது போதுமா?
(பலசரக்கு மொத்த வியாபாரி, காரைக்குடி)

மூன்றும் நல்ல பழக்கம்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே இடத்தில் கண் தெரியாது. வேறொரு நல்ல சொல்லாகிவிட்ட பிழை மூன்றிலும் தப்பிவிடும்.

பேசி எழுதும்போது நாம் ‘வேலை’ என்று சொன்னோமா ‘வேளை’ என்று சொன்னோமா என்பதைக் கருவி பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. தவறாக ஊகித்தாலும் வருவது அகராதியில் உள்ள சொல், அதனால் சிவப்புக் கோடு விழாது. வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நானே சொல்லிப் பலரைப் பயன்படுத்த வைத்திருக்கிறேன். சந்திக்கு நாவி மிகவும் உதவும். ஆனாலும் ‘கூலி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கூளி’ என்று இருந்தால், பேயைக் குறிக்கும் சொல் மூட்டை தூக்குபவர் கணக்கில் ஏன் வந்தது என்று கருவி கேட்காது.

சத்தமாக வாசிப்பதிலும் தமிழுக்கு ஒரு சிக்கல். ர, ற காதில் ஒன்றாக விழும். ந, ன ஒன்றாக விழும். பலருக்கு ல, ள, ழ மூன்றுமே ஒன்றுதான். வாசித்துக் கேட்டால் சரியாகத்தான் கேட்கும். அச்சகத்தில் நாங்கள் இருவராக உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கும்போது, சந்தேகமான இடத்தில் வாசிப்பவர் எழுத்தின் பெயரைச் சொல்லியே போவார்: அறை, பெரிய ற, பணி, மூணு சுழி, தளம், பெரிய ள. நீங்களும் பில்லில் உள்ள தொகை, பொருளின் பெயர், அளவு, யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வரி, இந்த நான்கு இடத்தில் மட்டும் அப்படிச் சொல்லிப் படியுங்கள். கடிதம் முழுவதும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்காது, தேவையும் இல்லை.

கேள்வி: எங்கள் கடையில் கணக்கு எழுதும் பெண் ‘நாள்கள்’, ‘வாழ்த்துகள்’ என்கிறார். மேனேஜர் ‘நாட்கள்’, ‘வாழ்த்துக்கள்’ என்கிறார். கோயில், கோவில் என்றும் தகராறு. யார் சொல்வது சரி?
(வாசகர், பள்ளத்தூர்)

கோயில், கோவில் இரண்டும் சரி. நாள்கள், வாழ்த்துகள் என்று எழுதுவதை நான் விரும்புகிறேன். மேனேஜர் எழுதுவதும் பரவலாக இருக்கிறது, யாருக்கும் பொருள் மாறப்போவதில்லை. ஒரு கடிதத்துக்குள் ஒன்றை மட்டும் எழுதுங்கள், போதும். இதற்குச் செலவழிக்கும் நேரத்தைப் ‘பற்று’ என்பதை ‘பத்து’ என்று எழுதாமல் பார்ப்பதற்குக் கொடுங்கள். ‘பத்து 500’ என்று ஒரு வரி இருந்தால், பற்று 500 ரூபாயா, பத்து உருப்படி 500 ரூபாயா என்று ஆடிட்டர் கேட்பார்.

கேள்வி: வீட்டுமனை விளம்பரம் ஒன்று கொடுக்கிறேன். ‘புதிய பேருந்து நிலையம் அருகாமையில் வீட்டு மணை விற்பனைக்கு. மனமாற அழைக்கிறோம். சுவற்றில் போஸ்டர் ஒட்டாதீர்’ என்று இருக்கிறது. திருத்தித் தாருங்கள்.
(வாசகர், தேவகோட்டை)

மனை, இரண்டு சுழி. ‘மணை’ மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் பலகை. ‘மனமார’ என்றால் மனம் நிறைய. ‘மனமாற’ என்றால் மனம் மாறும்படி, மனை விற்பவர் எழுதக் கூடாத சொல். ‘அருகாமை’ பற்றி இலக்கணம் தெரிந்தவர்களுக்குள் நீண்ட வழக்கு இருக்கிறது. ‘அருகில்’ என்று போட்டால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சுவர் என்பது ‘சுவரில்’ என்றுதான் ஆகும். கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில். அவை ‘று’ என்று முடிவதால் ‘ற்ற’ வருகிறது. சுவர் அப்படி முடியவில்லை.

‘புதிய பேருந்து நிலையம் அருகில் வீட்டுமனைகள் விற்பனைக்கு. நேரில் வந்து பார்க்க மனமார அழைக்கிறோம்.’ போஸ்டர் வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு, மனைச் சுவரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: ‘சுவரில் போஸ்டர் ஒட்டாதீர்.’ மனையின் சர்வே எண்ணையும் சதுர அடியையும் விளம்பரத்தில் சேருங்கள். அவை இரண்டும் இல்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள்.